வாடைக்கும் காசிக் குளிருக்கும் தாங்கும் மேல்சட்டை: அளவெடுப்பதிலிருந்து உப்பு அலசுவது வரை

பாம்பன் தீவில் தையல் கடை வைத்திருப்பவரிடம் வந்து "அக்கா, ஒரு ஜாக்கெட் தைக்க வேண்டும்" என்றால், ரவிக்கைக்கா குளிருக்கா என்று கேட்டுக்கொண்டுதான் இஞ்ச் டேப்பை எடுக்க வேண்டும். கடைத்தெருவில் சிலர் அதை ஜெர்கின் என்பார்கள். நான் இங்கே மேல்சட்டை என்றே எழுதுகிறேன். சட்டையைப் போலக் காலரும் பட்டனும் இருக்கும். ஆனால் தடித்த துணியில், மற்ற உடைகளுக்கு மேலே போடுவதற்காகத் தைப்பது.

இந்தக் கரையில் அதைக் கேட்டு வருபவர்கள் இரண்டு வகை. மார்கழி, தை மாதங்களில் இரவுக் கடலுக்குப் போகிறவர்கள் ஒரு வகை. காசி யாத்திரையாக, ராமேஸ்வரத்தில் எடுத்த மணலைப் பிரயாகையின் திரிவேணியில் கரைத்துவிட்டு, கங்கை நீரோடு திரும்பிவரப் புறப்படுகிறவர்கள் இன்னொரு வகை. இரு சாராரும் கொண்டுவந்து காட்டும் குறைகள் ஒன்றுதான்: கையைத் தூக்க முடியவில்லை, கக்கத்தில் கிழிந்துவிட்டது, ஜிப் இறுகிவிட்டது. மூன்றுமே தைக்கும் வரிசையில் நேர்ந்த பிழைகள். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம்.

1. எங்கே போடப் போகிறார் என்று முதலில் கேளுங்கள்

ராமேஸ்வரத்தில் தை மாத இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அது குளிரே அல்ல. ஆனால் படகில் நனைந்த உடம்பில் வாடைக் காற்று அடிக்கும்போது பல் கிட்டுகிறது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே கடலுக்குப் போகிறவருக்குத் தேவை காற்றைத் தடுப்பதும் சீக்கிரம் காய்வதும்தான். கனமான கதகதப்பு அல்ல.

காசியில் சனவரி அதிகாலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். அங்கே நனைவது குறைவு, குளிர் நிஜம். படித்துறையில் குளித்து ஏறி, விரைத்த விரல்களால் போட வேண்டிய உடை அது. தலை வழியாக இழுத்து மாட்டும் ஸ்வெட்டரைவிட, முன்புறம் திறந்து பெரிய பட்டன் வைத்த மேல்சட்டை வயதானவர்களுக்கு எவ்வளவோ மேல்.

இரண்டுக்கும் ஒரே உடை தைத்துக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது என்று சொல்லிவிடுவேன். துணியும் வேறு, நீளமும் வேறு.

2. உள்ளே போடுவதைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்

அளவெடுக்க வருபவர் லுங்கியும் பனியனுமாக வந்து நிற்பார். அப்படியே அளவெடுத்தால் வேலை அங்கேயே கெட்டது. மேல்சட்டைக்குக் கீழே என்னென்ன இருக்கும் என்பதைப் பொறுத்துத்தான் அளவு.

கதகதப்பைத் தருவது துணியைவிட, அடுக்குகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அடுக்குகள் ஒன்றையொன்று நசுக்கினால் அந்தக் காற்று வெளியேறிவிடும். மேலே இருப்பது தொளதொளவென்று இருந்தாலோ, ஒவ்வோர் அசைவிலும் துருத்திபோலக் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் அளவைத்தான் பிடிக்க வேண்டும்.

உடம்பை ஒட்டிப் போடும் பருத்திப் பனியன் வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். வலை இழுத்து வியர்த்த பிறகு காற்றில் உட்காருகிறவருக்கு அதுதான் முதல் எதிரி. விளையாட்டு வீரர்கள் போடும் பாலியஸ்டர் பனியன் ஈரத்தை அவ்வளவாகப் பிடித்து வைத்திருக்காது. இரவுக் கடலுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன்.

3. துணி

கையால் தடவிப் பார்த்து மெத்தென்று இருக்கிறது என்று வாங்காதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் காற்றும் அப்படியே உள்ளே வரும்.

கடலுக்கு: பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த, சாய்வு வரி நெசவுள்ள ட்வில் துணி. சதுர மீட்டருக்கு 230 முதல் 260 கிராம் போதும். அதற்குமேல் போனால் நனைந்தபின் தோளில் கல் தொங்கும். உள்ளே மெல்லிய பாலியஸ்டர் லைனிங். பருத்தி லைனிங் வேண்டாம்.

காசிக்கு: கம்பளி கலந்த துணியோ 300 கிராம் அளவுள்ள ஃப்ளானலோ (மென்மயிர் எழுப்பிய துணி) நல்லது. கம்பளி தன் எடையில் கால் பங்குக்கு மேல் ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் சொதசொதப்பாக இருக்காது. ஃப்ளானல் மலிவு, ஆனால் முழங்கையிலும் பை ஓரத்திலும் சீக்கிரம் திரிதிரியாக உருளும்.

பாலியஸ்டர் இழையில் செய்த ஃப்ளீஸ் துணி லேசானது, சீக்கிரம் காயும், விலையும் கைக்கு அடக்கம். ஆனாலும் படகில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறவருக்கு வெளிப்புற உடையாக அதைத் தைத்துத் தர நான் சம்மதிப்பதில்லை. பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உள்ளடுக்காக வைத்து, மேலே ட்வில் மூடினால் சரி.

58 அங்குல அகலத் துணி என்றால் நடுத்தர உடம்புக்கு 2 மீட்டர் வாங்கலாம். கட்டம் போட்ட துணியானால் கால் மீட்டர் கூடுதலாக வேண்டும்; கட்டங்களைப் பொருத்துவதற்கு அது போய்விடும்.

4. நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரிக்கோல்

தையல் பழக வரும் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் தாண்டிக் குதிக்க நினைக்கும் படி இது. துணி புதுமெருகு குலையும் என்று வாடிக்கையாளரும் தடுப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

துணியின் ஓரத்தில் 10 அங்குலச் சதுரம் ஒன்றைச் சாக்பீஸால் போடாமல் நூலால் குறித்து வையுங்கள். முழுத் துணியையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டு, அந்தச் சதுரத்தை மறுபடி அளந்து பாருங்கள். ஒன்பதரை அங்குலம் ஆகியிருந்தால், துணி நூற்றுக்கு ஐந்து சுருங்குகிறது. நனைக்காமல் 30 அங்குல நீளத்தில் தைத்திருந்தால், முதல் சலவையிலேயே ஒன்றரை அங்குலம் காணாமல் போயிருக்கும்.

லைனிங்கையும் தனியே நனையுங்கள். வெளித்துணி சுருங்கி லைனிங் சுருங்காமல் இருந்தால் கீழ் ஓரத்தில் பை போலத் தொங்கும். அதைப் பிரிக்காமல் சரிசெய்ய வழியே இல்லை. கம்பளித் துணியை மட்டும் வெந்நீருக்குக் காட்ட வேண்டாம். ஈரத்துணி போர்த்தி இஸ்திரிப் பெட்டியின் ஆவியால் சுருக்கிக்கொள்ளலாம்.

5. அளவெடுத்தல்

உள்ளடுக்குகளைப் போட்டுக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு, மூச்சை இயல்பாக விடச் சொல்லுங்கள். மார்பைச் சுற்றி டேப்பைத் தொட்டும் தொடாமலும் பிடியுங்கள்.

ஓர் உதாரணம். வெறும் உடம்பில் மார்பு 38 அங்குலம். பனியன், சட்டை, மெல்லிய ஸ்வெட்டர் மூன்றுக்கும் மேல் டேப் 40 காட்டுகிறது. இதோடு 6 அங்குலம் லூஸ் சேர்த்து, மேல்சட்டையின் மார்பு 46. கடலுக்குப் போகிறவரின் பனியன், சட்டைக்கு மேல் 39 வந்தால், ஐந்தரை சேர்த்து நாற்பத்து நாலரை போதும்.

இங்கே தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. வெறும் உடம்பு 38-ஓடு சட்டைக்குச் சேர்ப்பதுபோல 4 சேர்த்து 42 வெட்டுகிறார்கள். ஸ்வெட்டருக்கு மேல் போட்டால் பட்டன் இழுத்துப் பிடிக்கும். அல்லது அடுக்குகளின் மேல் அளந்ததை மறந்து, பயத்தில் பத்து அங்குலம் சேர்த்துவிடுகிறார்கள், அது சாக்குப்பைபோலத் தொங்கும். அளவு நோட்டில் "எதன் மேல் அளந்தது" என்று எழுதும் பழக்கம் இந்தக் குழப்பத்தை ஒழிக்கும்.

மற்ற அளவுகளுக்கு அவருடைய நன்றாகப் பொருந்தும் சட்டையையே ஆதாரமாக வையுங்கள். தோள் 18 என்றால் பதினெட்டே முக்கால். இரு பக்கமும் சேர்த்து முக்கால் அங்குலம்தான், அதற்குமேல் போனால் தையல் புஜத்தில் வழிந்துவிடும். கை நீளம் முக்கால் அங்குலம் கூட்டுங்கள். முழங்கையை மடக்கும்போது உள்ளடுக்குகள் நீளத்தைத் தின்றுவிடும். கழுத்துக்கு ஒன்றரை அங்குலம், உள்ளே இருக்கும் காலர் மடங்காமல் உட்கார. மணிக்கட்டுப் பட்டி 10 அங்குலம். சட்டைப் பட்டியின் மேல் அது வழுக்கிச் செல்ல வேண்டும்.

நீளத்தில் காசிக்கும் கடலுக்கும் வழி பிரிகிறது. காசிக்குப் போகிறவருக்கு இடுப்பெலும்பை நன்றாக மூடி 30 அங்குலம் வைக்கலாம். விசைப்படகில் வேலை செய்கிறவருக்கு 27 அல்லது 28-க்கு மேல் வேண்டாம். வின்ச் (வலையையும் கயிற்றையும் இழுக்கும் எந்திரம்) சுழலும் இடத்தில் தொங்கும் துணி, கீழே கயிறு கோத்த ஓரம், விரிந்த கைப்பட்டி எதுவும் இருக்கக் கூடாது. உயிர்காப்பு மிதவைச் சட்டை எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலேதான். மேல்சட்டையை அதன் மீது போடக் கூடாது என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அதை மனத்தில் வைத்து மார்புப் பைகளைத் தட்டையாக அமையுங்கள்.

6. கைக்குழி: எல்லாம் இங்கேதான் நிற்கிறது

கையைத் தூக்க முடியவில்லை என்ற புகார் வந்தால், பழகுபவர்கள் செய்யும் முதல் வேலை கைக்குழியை இன்னும் கீழே ஆழமாக வெட்டுவது. இடம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு.

ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு பாருங்கள். கைக்குழி கக்கத்தை ஒட்டி உயரத்தில் இருந்தால், கை தூக்கும்போது கைத்துணி மட்டும் எழும்பும். குழி விலாவரை இறங்கியிருந்தால், கையோடு சேர்ந்து உடம்புத் துணி முழுவதும் மேலே போகும். இடுப்பு திறந்து வாடை உள்ளே புகும். கக்கத் தையல்மீது முழு இழுப்பும் விழும். ஆழமான குழி என்பது கிழியப் போகும் குழி.

ஆகவே சட்டையின் குழியைவிட அரை அங்குலம் மட்டும் கீழே இறக்குங்கள். தேவையான இடத்தைக் கையின் அகலத்தில் கொடுங்கள்: புஜச் சுற்று சட்டையில் 15 என்றால் இங்கே 17. கையின் மேல்வளைவைக் கோட்டுக் கைபோல உயர்த்தாமல், சட்டைக் கைபோலத் தட்டையாக வையுங்கள். உயர்ந்த வளைவு, கை தொங்கும்போது அழகாக விழும்; நங்கூரக் கயிறு இழுக்கிறவனுக்கு அந்த அழகால் பயனில்லை. முதுகில் இரண்டு தோள்களுக்கும் கீழே முக்கால் அங்குல மடிப்பு ஒவ்வொன்று வைத்தால், முன்னால் குனிந்து இழுக்கும்போது அது விரிந்து கொடுக்கும்.

மிகவும் பாரமான வேலை செய்கிறவர்களுக்குக் கக்கத்தில் மூன்று அங்குலச் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தைக்கிறேன். அரை மணி நேரம் கூடுதல் வேலை. அந்த இடத்தில் கிழிந்து அந்தச் சட்டைகள் திரும்பி வந்ததில்லை.

7. வெட்டும்போது

மென்மயிர் உள்ள துணியில் எல்லாப் பாகங்களும் ஒரே திசையில் இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கையால் வருடினால் வழவழப்பாக ஓட வேண்டும். துணியை மிச்சப்படுத்த ஒரு பாகத்தைத் தலைகீழாகப் போட்டால், வெயிலில் அது வேறு நிறமாகத் தெரியும்.

தையலுக்கு விடும் துணி பக்கங்களில் ஒரு அங்குலம், மற்ற இடங்களில் அரை. ஸ்வெட்டர் மாறினால், உடம்பு பெருத்தால், பிரித்துவிட அந்த ஒரு அங்குலம்தான் கைகொடுக்கும்.

8. தற்காலிகத் தையலில் போட்டுப் பார்த்தல்

இறுதித் தையலுக்கு முன்பே இது நடக்க வேண்டும். மடிப்புத் தையல் போட்ட பிறகு பிரித்தால் துணியில் துளைகள் நிற்கும்.

நீளமான தையலில் தோள், பக்கம், கை மூன்றையும் கோத்து, உள்ளடுக்குகளோடு போடச் சொல்லுங்கள். கண்ணாடி முன் நிற்க வைப்பதில் பயனில்லை. எங்கள் கடை வாசல் தூணில் ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறேன். அதைப் பிடித்து இழுக்கச் சொல்வேன். இடுப்பு ஓரம் இரண்டு அங்குலத்துக்கு மேல் எழும்பினால் கைக்குழியைப் பார்க்க வேண்டும். அடுத்து, தரையில் சம்மணமிட்டு உட்காரட்டும். வயிற்றுப் பட்டன் இழுத்துப் பிடித்தால் இடுப்புச் சுற்று போதவில்லை. கடைசியாக, கைகளைக் கட்டிக்கொள்ளட்டும். முதுகு விறைத்தால் மடிப்பைக் கூட்டுங்கள்.

9. தையல்

16-ஆம் எண் ஊசி, பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் உப்பு ஈரத்தில் இற்றுப்போகும். துணி திடமாக இருக்கும்போதே தையல் மட்டும் விட்டுப்போவது அதனால்தான். தடித்த துணிக்கு அங்குலத்துக்கு 8 அல்லது 9 தையல் சரி. நெருக்கமாகப் போட்டால் பலம் என்று 14 வைக்கிறார்கள். அது தபால்தலை ஓரம்போலத் துணியைத் துளைத்துவிடும், இழுத்தால் வரியாகக் கிழியும்.

பக்கமும் கையும் ஓவர்லாக்கோடு (ஓரத்தை நூலால் சுற்றும் தையல்) விடாமல், ஜீன்ஸ் கால் ஓரத்தில் இருப்பதுபோல இரு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டை வரி போடுங்கள். உரசலுக்கு நூல் முனை வெளியே தெரியாது.

பையின் மேல் மூலைகள் இரண்டிலும், பக்கத் திறப்பின் உச்சியிலும் உள்ளே ஒரு சிறு துண்டு வைத்து நெருக்கத் தையலால் பூட்டுங்கள். கை நுழையும்போதெல்லாம் இழுபடுவது அந்த மூலைதான்.

10. பட்டனும் ஜிப்பும்

உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை பச்சை பூக்கும். துருக்கறை துணியையும் அரிக்கும். கடலுக்கான சட்டைக்கு ஜிப் வேண்டுமானால் பல்லும் இழுப்பானும் பிளாஸ்டிக்கில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பல் பிளாஸ்டிக்காக இருந்து இழுப்பான் உலோகமாக இருந்தால், இறுகுவது இழுப்பான்தான்.

என் விருப்பம் பட்டன். முக்கால் அங்குலம், நான்கு துளை. துணிக்கும் பட்டனுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு குச்சியை உருவி, பட்டனுக்கு அடியில் உள்ள நூலைச் சுற்றிக் கழுத்துபோல நூல் சுற்றுங்கள். தடித்த துணி அந்த இடைவெளியில் உட்காரும். இல்லாவிட்டால் காஜா (பட்டன் நுழையும் துளை) விரிந்து பிய்ந்துவிடும். உட்பக்கம் ஒரு சின்னப் பட்டனைச் சேர்த்துத் தைத்தால் துணி கிழியாது.

11. ஆயத்தமாக வாங்குபவர்களுக்கு

எஸ், எம், எல் எழுத்துகளை நம்பாதீர்கள். உடையைத் தட்டையாக விரித்துக் கக்கத்துக்குக் கக்கம் அளந்து இரட்டியுங்கள். மேலே சொன்ன கணக்கில் உங்களுக்கு வேண்டிய மார்பளவு (நம் உதாரணத்தில் 46) வருகிறதா பாருங்கள். பிறகு உட்பக்கத்தைத் திருப்பிக் கக்கத் தையலை இரு கையாலும் இழுங்கள். இடையே வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

12. உப்பை வெளியேற்றுதல்

நன்றாகத் தைத்த மேல்சட்டையையும் இந்தக் கரையில் கொல்வது உப்புதான். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கரையில் பல இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். கடல்நீர் பட்ட சட்டையை எத்தனை வெயிலில் காயப்போட்டாலும் இரவில் மறுபடி பிசுபிசுப்பது இதனால்தான். ஈரச் சட்டை குளிரைக் காக்காது. பகலில் காய்ந்த உப்புத் துகள்களோ இழைகளுக்கு நடுவே மணல்போல அறுக்கும்.

நல்ல தண்ணீர் அருமையான ஊர் இது. ஒரு குடம் வீணாக்கவும் மனம் வராது. அதனால் கணக்காக அலசுங்கள். பிழிந்த பிறகும் சட்டையில் ஒரு லிட்டர் உப்புநீர் தங்குகிறது என்று வையுங்கள். 8 லிட்டரில் ஒரே தடவை அலசினால் உப்பு ஒன்பதில் ஒரு பங்காகும். அதே 8 லிட்டரை நாலு நாலாகப் பிரித்து, நடுவே நன்றாகப் பிழிந்து இரண்டு தடவை அலசினால் இருபத்தைந்தில் ஒரு பங்காகும். தண்ணீர் ஒன்றுதான், உப்பு பாதியைவிடக் குறைவு.

உவர்க் கிணற்றுநீர் முதல் அலசலுக்கு ஆகும். கடைசி அலசல் மழைநீரிலோ காவிரிக் குடிநீரிலோ இருக்கட்டும். காய்ந்தபின் கைப்பட்டியின் ஓரத்தை நாக்கால் தொட்டுப் பாருங்கள். கரித்தால் இன்னொரு தடவை அலச வேண்டும்.

உட்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில், காற்றோட்டத்தில் காயப்போடுங்கள். காலரைப் பிடித்துத் தொங்கவிடாமல் கொடிமேல் நடுவாகப் போட்டால் தோள் நீளாது.

13. எடுத்து வைத்தலும் ஒட்டுப் போடலும்

மாசி முடிந்ததும் ஒரு முறை முழுதாகத் துவைத்து, முற்றிலும் காய்ந்தபின் பருத்திப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பூட்டிப் பூஞ்சணம் பூக்க வைக்கும். பட்டன்களைப் பூட்டி வைத்தால் முன்பட்டி முறுக்காது.

வெட்டியதில் மிஞ்சிய துணியில் உள்ளங்கை அளவு இரண்டு துண்டுகளை எடுத்து, ஓரம் அடித்து, கீழ் மடிப்பின் உட்பக்கத்தில் நான்கு தையலில் பிடித்து வைத்துவிடுங்கள். சட்டை துவைபடும்போதெல்லாம் அவையும் துவைபடும். மூன்றாம் வருடம் முழங்கை இற்றுப்போய்க் கொண்டுவருவார்கள். அப்போது அதே துணி, அதே அளவு வெளுத்துச் சுருங்கி, ஒட்டுப் போடுவதற்கு ஆயத்தமாக உள்ளேயே இருக்கும்.